கண் எட்டும் தூரம்தான் வேகம்: வன்னி வீதிகளில் ஆறு நாள்

முதலாம் நாள், வவுனியா

நாளை விடிய ஏ9 வீதியில் ஏறப்போகிற வாகனத்துக்கு இன்று பின்னேரமே வேலை இருக்கிறது. ஓமந்தையைக் கடந்தால் ரயர் கடையும் கராஜும் ஐதாகிவிடும். நடுக்காட்டில் காற்றுப் போன பிறகு உதிரிச் சில்லைத் தட்டிப் பார்ப்பதைவிட, நகருக்குள் இருக்கும்போதே அதைத் தட்டிப் பார்ப்பது நல்லது.

ரயரில் தொடங்குவோம். "தம்பி, காத்து எவ்வளவு அடிக்க?" என்று கடைக்காரப் பெடியன் கேட்டால், "எல்லாத்துக்கும் முப்பது அடியுங்கோ" என்று சொல்கிறவர்கள்தான் கூட. உங்கள் வாகனத்துக்கு எவ்வளவு என்பது சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. பல வாகனங்களில் இரண்டு கணக்கு இருக்கும்: ஆள் குறைவாகப் போகும்போது ஒன்று, ஐந்து பேரும் பொதிகளும் ஏறினால் இன்னொன்று. குடும்பத்தோடு போகிறவர்கள் இரண்டாவதைத்தான் பார்க்கவேண்டும். அளவு எடுக்கவேண்டியது ரயர் குளிர்ந்திருக்கும்போது. நாற்பது கிலோமீற்றர் ஓடிவந்து, சூட்டில் நாலு பீ.எஸ்.ஐ. கூடிக் காட்டுகிறதென்று காற்றை இறக்கினால், அடுத்த நாள் காலையில் அந்த ரயர் நாலு குறைவாக நிற்கும். காற்றுக் குறைந்த ரயர்தான் வெடிக்கிறது. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்வதால் உள்ளே சூடேறும். மாசி வெயிலில், நேர்வீதியில், மணிக்கு 90 கிலோமீற்றரில் அரை மணி நேரம் ஓடினால் அந்தச் சூட்டுக்கு ரப்பரும் நூலும் பிரிந்துவிடும்.

ரயரின் வயது அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. 'டொட்' (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில் செய்தது. ஆறு வருடம் தாண்டினால் வருடாவருடம் ஒருவரிடம் காட்டிப் பாருங்கள். பத்து வருடம் என்றால், தரையில் படும் பக்கத்தில் வெட்டியிருக்கும் பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். பூவின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். பூ தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மழையில் அந்த ரயருக்குப் பிடிமானம் இல்லை. பாவித்த ரயரை மலிவாக வாங்கிப் போடும்போது பூவை மட்டும் பார்த்து வாங்குகிறோம். வயதைப் பார்ப்பதில்லை.

பிறேக்குக்கு ஒரு நிமிடச் சோதனை போதும். எஞ்சினை ஸ்ராட் பண்ணி, மிதியை ஊன்றி அழுத்தியபடி முப்பது செக்கன் வைத்திருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்ரர் சிலிண்டரின் சீல் போய்விட்டது, அல்லது எங்கோ கசிகிறது. பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று. பிடிக்கும்போது வாகனம் ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சில்லின் பிறேக் இறுகியோ பிடிக்காமலோ இருக்கிறது. பிறேக் ஓயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், தொடர்ந்து பிடிக்கும் நேரத்தில் சூட்டுக்கு அந்த ஈரம் ஆவியாகி மிதி சும்மா உள்ளே போகும்.

ஹெட்லைற்றை யாரும் கவனிப்பதில்லை. மட்டமான தரையில், சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளி நிறுத்தி டிம் லைற்றைப் போடுங்கள். சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல்விளிம்பு, லைற்றின் நடு உயரத்தைவிட ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் கீழே இருக்கவேண்டும். அதற்கு மேலே போனால் எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். நிறையக் கீழே இருந்தால் உங்களுக்கே பாதை தெரியாது. பின்னுக்கு அரிசி மூட்டையும் ஆட்களும் ஏறியதும் வாகனத்தின் மூக்கு மேலே தூக்கும், வெளிச்சமும் தூக்கும். ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சில்லு இருந்தால் அது இதற்குத்தான். பாரம் கூடக் கூட இலக்கத்தைக் கூட்டுங்கள், வெளிச்சம் இறங்கும்.

இருக்கை விஷயம் சுருக்கமாக. கிளட்சை முழுதாக மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கவேண்டும். முதுகு இருக்கையில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்ரியரிங்கின் உச்சியில் படவேண்டும். இருக்கைத் தலையணையின் மேல்விளிம்பு உச்சந்தலையோடு சமம். பெல்ட் வயிற்றுக்கு மேலே போகாமல் இடுப்பு எலும்பில் கிடக்கவேண்டும். முன்சீற்றில் இருப்பவரின் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு போவது நம்மவர்களிடம் விடாத பழக்கம். 50 இல் போய் மோதி நின்றால், 10 கிலோக் குழந்தை அந்த ஒரு கணத்தில் 150 கிலோவுக்கு மேற்பட்ட பாரமாக முன்னுக்கு இழுபடும். எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் கிடையாது.

இரண்டாம் நாள், வவுனியா முதல் முறிகண்டி வரை

ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். ஏ9 இன் இந்தத் துண்டில் பள்ளமும் இல்லை, வளைவும் அதிகம் இல்லை. இங்கே ஆபத்தே அதுதான். குண்டும் குழியுமான காலத்தில் யாரும் தூங்கவில்லை, 100 இல் ஓடவும் முடியவில்லை. இப்போது வழுவழுப்பான தார், இரண்டு பக்கமும் காடு. எதிரே வாகனம் இல்லாதபோது 90 என்பது 60 போலத்தான் உடம்புக்குத் தெரியும். மானியைப் பார்க்காமல் வேகத்தை ஊகிப்பவர் இங்கே தவறாமல் ஏமாறுவார்.

சட்டம் காருக்குச் சொல்வது ஊர்மனைக்குள் 50, வெளியே 70. ஓட்டோவுக்கு எங்கேயும் 40. இதைப் பொலிஸ் பிடிக்கும் கணக்காகப் பார்க்காமல் நிறுத்தும் கணக்காகப் பாருங்கள். ஒன்றைக் கண்டு, அது என்ன என்று மூளைக்குப் பட்டு, கால் பிறேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் என்று வைப்போம். காய்ந்த தார், நல்ல ரயர். 50 இல் ஓடினால் நிற்க ஏறத்தாழ 35 மீற்றர் வேண்டும். 70 இல் 56. 90 இல் 82. அதாவது 70 இல் வந்தவர் சரியாக மாட்டின் முன்னே நிற்கும் இடத்தில், 90 இல் வந்தவர் இன்னும் 70 க்குக் கிட்டிய வேகத்தோடு மாட்டின் மேலே போவார். நனைந்த வீதியில் 70 க்கே 75 மீற்றர் தேவைப்படும்.

முந்துவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முன்னே 12 மீற்றர் நீள பஸ் 60 இல் போகிறது, நீங்கள் 80 இல் முந்துகிறீர்கள். பின்னால் 20 மீற்றர் இடைவெளியில் வெளியே எடுத்து, முன்னால் 20 மீற்றர் விட்டு உள்ளே வர ஏறத்தாழ 10 செக்கன் பிடிக்கும். அந்தப் பத்துச் செக்கனில் நீங்கள் 220 மீற்றர் ஓடியிருப்பீர்கள். எதிரே 80 இல் வருபவரும் 220 மீற்றர் ஓடியிருப்பார். ஆக, முந்தத் தொடங்கும்போது எதிர்ப்பக்கம் 450 மீற்றர் வெறுமையாகத் தெரியவேண்டும். கிலோமீற்றர் கற்களுக்கு நடுவே கிட்டத்தட்டப் பாதித் தூரம் என்று கண்ணால் பழகிக்கொள்ளலாம். மாசி வெயிலில் தார் மினுங்கும். கானல் நீருக்குள் வரும் சாம்பல் நிறக் கார் 400 மீற்றரில் கண்ணுக்கே படாது. பகலிலும் டிம் லைற்றைப் போட்டு ஓடச்சொல்வது அதனால்தான்.

முன்னே போகும் லொறி இடது சிக்னலைப் போட்டால் "வா, முந்து" என்று அர்த்தம் என நாங்கள் பழகிவிட்டோம். அவர் இடப்பக்க ஒழுங்கைக்குள் திரும்பவும் அதே சிக்னலைத்தான் போடுவார், ஓரம் கட்டவும் அதைத்தான் போடுவார். வலது சிக்னல் இன்னும் குழப்பம்: "முந்தாதே" என்பதாகவும் இருக்கலாம், "நான் வலப்பக்கம் திரும்புகிறேன்" என்பதாகவும் இருக்கலாம். லொறிக்காரர் கண்டதை நம்பி நாம் வெளியே எடுக்க முடியாது. நமது கண்ணால் தெரியும்வரை பின்னால் நிற்பதுதான். பின்னால் நிற்கும்போது ஒட்டிக்கொண்டு நிற்காதீர்கள். முன்வாகனம் ஒரு கிலோமீற்றர் கல்லைத் தாண்டியதும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று" என்று சொல்லி முடிக்கும்போது நீங்கள் அந்தக் கல்லுக்கு வரவேண்டும். மழையென்றால் ஐந்து வரை எண்ணுங்கள்.

இனித் தூக்கம். கட்டுநாயக்காவுக்கு ஆட்களை ஏற்றிப்போய் அன்றிரவே திரும்பும் வான் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாரதி காலை ஆறு மணிக்கு எழும்புகிறார். பின்னேரம் யாழ்ப்பாணத்தில் வெளிக்கிடுகிறார், இரவு பத்துக்கு விமான நிலையம், பதினொன்றுக்குத் திரும்பல். விடியப்புறம் நாலு மணிக்கு வவுனியா தாண்டும்போது அவர் 22 மணி நேரம் விழித்திருக்கிறார். 17 மணி நேரம் விழித்திருந்தாலே உடம்பின் தடுமாற்றம் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம் இருப்பவரின் தடுமாற்றத்துக்குக் கிட்ட வரும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இங்கே சட்ட வரம்பு 80. இரவு இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் உடம்பு தானாகவே அணையப் பார்க்கும் நேரம். பகலிலும் சோறு சாப்பிட்டபின் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை அதே கதை.

கண் மூடுவது தெரியாமலே மூடும். 80 இல் மூன்று செக்கன் மூடினால் 66 மீற்றர் ஆளில்லாமல் ஓடுகிறது வாகனம். அதற்கு முதல் வரும் அறிகுறிகள்: கடைசியாகத் தாண்டிய ஊர் ஞாபகம் வராது. வெள்ளைக்கோட்டில் சில்லு ஏறும். காரணமில்லாமல் வேகம் கூடிக் குறையும். ஏ.சி.யைக் கூட்டுவதும் பாட்டைக் கூட்டுவதும் ஐந்து நிமிடத்துக்கு மேலே உதவாது. வேலை செய்வது ஒன்றுதான்: நிறுத்தி, ஒரு பிளேன்ரீயோ கோப்பியோ குடித்து, உடனே சாய்ந்து 15 முதல் 20 நிமிடம் தூங்குவது. குடித்தது உடம்பில் பிடிக்க அவ்வளவு நேரம் ஆகும், எழும்பும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு உடனே ஓடாதீர்கள். ஆழ்ந்த தூக்கத்தின் மந்தம் கால் மணி நேரத்துக்கும் மேலே இருக்கும்.

சாரதிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வேலை உண்டு. "உங்களுக்கு நித்திரை வருகுதோ அண்ணை?" என்று கேட்டால் எந்தச் சாரதியும் இல்லை என்றுதான் சொல்வார். "அண்ணை, ஒருக்கா நிப்பாட்டுங்கோ, எனக்கு இறங்கவேணும்" என்று சொல்லுங்கள், நிறுத்துவார்.

முறிகண்டியில் இந்தப் பிரச்சினையே இல்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போகும் சாரதி அருமை. இறங்கி, கால் கழுவி, கற்பூரம் கொளுத்தி, கச்சான் சரை ஒன்று வாங்கி, திரும்பி வர எப்படியும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். வீதிப் பாதுகாப்பு நிபுணர் ஒருவர் திட்டம் போட்டிருந்தாலும் இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு நிறுத்தம் என்று இதற்குக் கிட்டத்தான் வைத்திருப்பார். அந்தக் கால் மணி நேரத்தில் சில்லு நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஒரு சில்லு மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் பிறேக் ஒட்டுகிறது. இன்னொன்று: நிறுத்தியிருக்கும் பஸ்ஸுக்கும் வானுக்கும் இடையிலிருந்து வீதிக்கு வராதீர்கள். முறிகண்டியைக் கடந்து போகிறவர்களும் இங்கே 40 க்கு இறங்கவேண்டும். கச்சான் சரையோடு ஓடிவரும் பிள்ளைக்கு வாகனம் தெரியாது.

மூன்றாம் நாள், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. பழுதாகி நிற்கும் லொறிக்குப் பின்னால் குழை முறித்துப் போடுவது இங்கே வழக்கம். பகலில் அது போதும். இரவில் பச்சைக்குழை தாரோடு தார். எச்சரிக்கை முக்கோணத்தை வாகனத்துக்குப் பின்னால் எழுபது எண்பது காலடி வைத்து நடந்துபோய், ஏறத்தாழ 50 மீற்றரில் வையுங்கள். ஏ9 இல் இன்னும் தள்ளி வைத்தாலும் பிழையில்லை. ஆட்களை வாகனத்துக்குப் பின்னால் நிற்கவிடாமல் வீதியை விட்டு இறக்குங்கள். வெளிக்கிடும்போது குழையையும் சில்லுக்கு வைத்த கல்லையும் எடுத்துப் போடுங்கள். அந்தக் கல்லில் மோதப்போவது அடுத்து வரும் மோட்டார் சைக்கிள்காரர்.

இன்றைய விஷயம் ரயில் கடவை. யாழ்தேவி 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. இருபது வருடத்துக்கு மேலாக ரயிலே ஓடாத மண்ணில் ஒரு தலைமுறை கடவையைப் பார்க்காமல் வளர்ந்துவிட்டது. கிளிநொச்சிப் பக்கம் பல இடங்களில் தண்டவாளம் ஏ9 ஐ ஒட்டியே ஓடுகிறது. பிரதான வீதியிலிருந்து உள்வீதிக்குத் திரும்பிய கையோடு கடவை வந்துவிடும். சிக்கல் எங்கே என்றால், உள்ளேயிருந்து வருகிறவர் ஏ9 இல் ஏற இடைவெளி பார்த்து நிற்கும் இடம் தண்டவாளமாக அமைந்துவிடுகிறது. முன்னால் ஒரு ரக்ரர் நிற்கும். அது இழுக்கும் பெட்டி தண்டவாளத்தைத் தாண்டியிருக்காது. அதன் பின்னால் நீங்கள். முன்னால் உங்கள் வாகனம் முழுதும் நிற்க இடம் இருந்தால் மட்டும் தண்டவாளத்தில் ஏறுங்கள். அதற்கு முதல் கடவைக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள், பின்னால் எவர் ஹோன் அடித்தாலும் சரி.

காவல் இல்லாத கடவையில் செய்யவேண்டியது: நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள், பாட்டை நிறுத்துங்கள், இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு ரயில் போனதும் உடனே ஏறாதீர்கள். ஒற்றைத் தண்டவாளம்தான் என்றாலும் கிட்டத்து நிலையத்தில் மாறிக்கொண்டு எதிர்ப்பக்க ரயில் வரலாம். பெரிய உருவம் மெதுவாக வருவதுபோலவே கண்ணுக்குத் தெரியும். 80 இல் வரும் ரயில் ஒரு செக்கனுக்கு 22 மீற்றர் ஓடுகிறது. சாரதி உங்களைக் கண்டு பிறேக் போட்டாலும் நிற்க நூற்றுக்கணக்கான மீற்றர் வேண்டும். கடவையில் கியர் மாற்றவேண்டாம், முதலாம் கியரில் ஏறி முதலாம் கியரிலேயே இறங்குங்கள்.

எஞ்சின் தண்டவாளத்தில் நின்றுவிட்டால் முதலில் ஆட்களை இறக்குங்கள். ரயில் தெரிந்தால் வாகனத்தை மறந்துவிட்டு, ரயில் வரும் பக்கமாகச் சரிவாக விலகி ஓடுங்கள். மோதப்படும் வாகனம் ரயில் போகும் திசையில் தூக்கி எறியப்படும், அந்தப் பக்கம் ஓடியவர் மேலேயே வந்து விழும். ரயில் தெரியாத நேரத்தில், பழைய கையால் கியர் போடும் வாகனமென்றால் முதலாம் கியரில் போட்டு, கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பிப் பிடியுங்கள். ஸ்ராட்டர் மோட்டரே வாகனத்தைத் தத்தித் தத்தி இழுத்துக்கொண்டு போய்விடும். புது வாகனங்களில் கிளட்சை மிதிக்காமல் ஸ்ராட் ஆகாது. அவற்றைத் தள்ளத்தான் வேண்டும்.

பரந்தன் தாண்டி ஆனையிறவு வெளி. காற்றைத் தவிரச் சொல்ல அதிகம் இல்லை. உப்பு வெளியில் பக்கவாட்டாக அடிக்கும் காற்று உயரமான வானைத்தான் பிடிக்கும். எதிரே பெரிய பஸ் கடக்கும் கணத்தில் காற்று நின்று, கடந்ததும் திரும்ப அடிக்கும். ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள்.

நாலாம் நாள், பரந்தன் முதல் முல்லைத்தீவு வரை

ஏ35, கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. காலபோக அறுவடை நடக்கிற மாதம். வீதி இப்போது வாகனங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

நெல் காயப்போட்டிருக்கும் இடத்தைக் கிட்டவிருந்து பாருங்கள். வீதியின் இடப்பாதியில் படங்கு விரித்திருக்கும், சில இடத்தில் படங்கே இல்லாமல் தாரில் கொட்டியிருக்கும். ஓரத்தில் வாகனம் ஏறாமல் இருக்க வரிசையாகக் கல், அல்லது பனங்குற்றி. நடுவில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு காலால் கிளறிக்கொண்டிருப்பார். எஞ்சியிருக்கும் ஒரு பாதியில் இரண்டு பக்கத்து வாகனமும் போகவேண்டும். இந்த இடத்தில் யாருடைய பக்கத்தில் நெல் இருக்கிறதோ அவர் நின்று, எதிரே வருபவரை விட்டுவிட்டுப் போகவேண்டும். உருளும் நெல்லின் மேலே சில்லு ஏறினால் பிறேக் பிடிக்காது, மோட்டார் சைக்கிள் அப்படியே சறுக்கிப் படுக்கும். நெல்லில் ஏறியே தீரவேண்டுமென்றால் பிறேக்கும் போடாமல், திருப்பவும் திருப்பாமல், மெதுவாக நேரே போய் இறங்குங்கள். பின்னேரம் நெல்லை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் கல்லை நாளைக்கும் தேவையென்று அங்கேயே விட்டுப்போவதுண்டு. அறுவடை மாதத்து இரவுகளில் அந்தக் கற்கள் செய்யும் வேலை பொல்லாதது. கல்லுக்குப் பதிலாக மண் நிரப்பிய வெள்ளை உரப்பையை வைத்தால் நெல்லும் நிற்கும், இரவில் கண்ணுக்கும் தெரியும், முட்டினாலும் ஆள் தப்பும்.

ரக்ரர் அடுத்தது. முன்னே பெட்டியோடு போகும் ரக்ரரை வலப்பக்கத்தால் முந்தும்போது ஏற்படும் விபத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அது சொல்லாமல் வலப்பக்கம் வயல் பாதைக்குள் திரும்பும். சிக்னல் இருக்காது, இருந்தாலும் வைக்கோல் மூடியிருக்கும். எஞ்சின் சத்தத்தில் உங்கள் ஹோன் அவருக்குக் கேட்காது. ஆகவே முந்துவதற்கு முதல் ரக்ரரைப் பார்க்காமல் வீதியின் வலப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு மதகோ, வேலியில் ஒரு படலையோ, சில்லுத் தடமோ தெரிந்தால் அதைத் தாண்டும்வரை பொறுங்கள். ரக்ரர் நடுவீதிக்கு ஒதுங்கி வேகம் குறைகிறதென்றால் திரும்பப்போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சில்லு ரக்ரரான லான்ட்மாஸ்ரரில் போகிறவர் தலையைத் திருப்பி உங்களைக் கண்டால் மட்டும் முந்துங்கள். நெல் வெட்டும் மெசின் வந்தால் கதையே வேறு, முழு வீதியும் அதற்குத்தான். தார் விளிம்பைவிட்டு இறங்கி நில்லுங்கள்.

இறங்குவது என்றால் அதற்கும் முறை உண்டு. தாருக்கும் பக்கத்துக் கிரவலுக்கும் இடையே மழை அரித்த படி இருக்கும். சில இடத்தில் ஒரு சாண் ஆழம். இடச்சில்லு தற்செயலாக இறங்கிவிட்டால் பதறி வலப்பக்கம் முறிக்கிறோம். சில்லு விளிம்பில் உரசி உரசி, ஒரு கட்டத்தில் சட்டென்று ஏறும். ஏறிய வேகத்தில் வாகனம் எதிர்ப்பக்கத்துக்குப் பாயும், அல்லது உருளும். சரியானது இது: ஸ்ரியரிங்கை நேரே பிடித்து, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, ஒரு சில்லு கிரவலிலேயே ஓட 30 க்குக் கீழே வரும்வரை போகவிட்டு, பின்னால் பார்த்து, விளிம்பு பதிந்த இடத்தில் ஏறுங்கள்.

வட்டுவாகல் பழைய பாலம் ஒடுக்கம். நந்திக்கடல் தண்ணீருக்குக் கிட்ட, மிகத் தாழ்வாகக் கிடக்கிறது. எதிர்க்கரையில் வாகனம் ஏறிவிட்டதா என்று பார்த்து, ஏறியிருந்தால் இந்தக் கரையில் நில்லுங்கள். பாலத்து நடுவில் பின்னுக்கு எடுப்பது எல்லாருக்கும் வராது. கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் பாலம் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டே புறப்படுங்கள். வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும் தாம்போதிகளுக்கும் அதே. ஓடும் தண்ணீர் 30 சென்ரிமீற்றர் இருந்தால் சின்னக் காரை மிதக்கவைத்துத் தள்ளும், 60 என்றால் பெரும்பாலான வாகனங்களை. ஆழத்தை ஊகிக்கலாம், கீழே வீதி இருக்கிறதா என்பதை ஊகிக்க முடியாது. தண்ணீருக்குள்ளால் வந்த பிறகு சில மீற்றர் மெல்ல ஓடியபடியே பிறேக்கை லேசாகத் தட்டிக்கொடுங்கள், காயும்வரை அது பிடிக்காது.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் இரவு இந்தப் பக்கம் வருகிறவர்கள், வீதியோரம் நடந்துபோகும் சனத்துக்காக 20, 30 க்கு மேலே போகாதீர்கள்.

ஐந்தாம் நாள், முல்லைத்தீவிலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம்

இதுவும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர்தான், ஏ34. பொழுதுபடுவதற்கு முதல் மாங்குளம் போய்ச் சேருங்கள் என்பதுதான் ஒரே வரி ஆலோசனை. போக முடியாதவர்களுக்குத்தான் மிச்சம்.

டிம் லைற்றின் வெளிச்சம் இருண்ட வீதியில் 40 முதல் 60 மீற்றர் வரைதான் பயன்படும். 60 இல் நிற்க ஏறத்தாழ 45 மீற்றர் வேண்டும், 70 இல் 56. அதாவது டிம்மில் 60 தாண்டினால், கண்ட பிறகு நிற்க முடியாத வேகத்தில் ஓடுகிறீர்கள். எதிரே வாகனம் வருகிறதென்று டிம் பண்ணுகிறோம், ஆனால் வேகத்தைக் குறைப்பதில்லை. மாட்டில் மோதும் கணம் பெரும்பாலும் அதுதான்: எதிர் வெளிச்சம் கடந்த அடுத்த இரண்டு மூன்று செக்கன், கண் இருட்டுக்குத் திரும்பாத நேரம். எதிரே வெளிச்சம் வரும்போதே 50 க்கு இறங்கிவிடுங்கள். அந்த வெளிச்சத்தைப் பார்க்காமல் இடப்பக்க வெள்ளைக்கோட்டைப் பாருங்கள். அவர் டிம் பண்ணவில்லையென்று பதிலுக்கு நீங்களும் பெரிய லைற்றைப் போட்டால், இரண்டு குருடர்கள் ஒருவரையொருவர் கடப்பார்கள். முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் படியும் எண்ணெய்ப்படலத்தைப் பழைய பத்திரிகைத் தாளும் தண்ணீரும் கொண்டு துடைத்துவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும்.

ஒற்றை வெளிச்சம் வந்தால் மோட்டார் சைக்கிள் என்று நினைக்காதீர்கள். ஒரு லைற் செத்த ரக்ரராகவும் இருக்கும், அதுவும் நடுவீதிப் பக்கத்து லைற் செத்ததாக இருக்கும்.

கட்டாக்காலி மாடு இரவில் வீதிக்கு வருவதற்குக் காரணம் உண்டு. பகல் வெயிலைத் தார் பிடித்து வைத்திருக்கும். புல்லில் பனியும் நுளம்பும், தாரில் இளஞ்சூடும் காற்றும். மழைக்காலத்தில் காய்ந்த மேடு வீதி மட்டும்தான். படுத்திருக்கும் கறுத்த எருமைக்கு வெளிச்சத்தில் உருவமே இல்லை. கண் மினுங்கும், அதுவும் தலையை உங்கள் பக்கம் வைத்திருந்தால். ஒன்றைக் கண்டால் அது ஒன்றல்ல, கன்றும் கூட்டமும் பின்னால் வரும். நடக்கும் மாட்டின் முகத்துக்கு முன்னால் நுழையப் பார்க்காமல் வால் பக்கத்தால் போங்கள். மாடு முன்னுக்குத்தான் பாயும்.

நிறுத்த முடியாதென்று தெரிந்தால்? நேரே பிறேக்கை ஊன்றுங்கள். சில்லு இறுகிச் சறுக்காமல் பார்க்கும் ஏ.பி.எஸ். இருந்தால் மிதி காலுக்குக் கீழே துடிக்கும், விடாதீர்கள். அது துடிக்கும்போதும் ஸ்ரியரிங் கேட்கும். 70 இல் வெட்டி ஒடித்தால் மாடு தப்பும், வாகனம் பாலை மரத்தில் நிற்கும். மாட்டோடு மோதிய வாகனத்தில் இருப்பவர்கள் பெல்ட் போட்டிருந்தால் தப்புவதற்கு இடம் இருக்கிறது. மரத்தோடு மோதியவருக்கு அந்த இடம் குறைவு.

ஆனால் யானைக்கு இந்தக் கணக்கு இல்லை. மோதினால் உயரத்திலிருக்கும் உடம்பு முன்கண்ணாடியின் மேலே வரும். டிம் லைற்றின் வெளிச்சம் மேலே ஏறாததால் கண்ணில் படுவது தூண்போல நாலு கால்தான், கண் மினுங்கலும் தெரியாது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கக் காட்டு வீதிகளில் புதிதாக முறிந்த கொப்போ, ஆவி பறக்கும் சாணமோ வீதியில் கிடந்தால் வேகத்தை 30 க்குக் குறையுங்கள். கண்டால் குறைந்தது 100 மீற்றர் தள்ளியே நில்லுங்கள். ஹோன் வேண்டாம், லைற்றை அடித்து அடித்து அணைக்கவும் வேண்டாம். எஞ்சினை நிறுத்தாதீர்கள், பின் கியரைப் போடத் தயாராக இருங்கள். ஒன்று கடந்துபோனதும் வெளிக்கிடாதீர்கள், குட்டி இன்னும் இந்தப் பக்கம் நிற்கலாம். தாயையும் குட்டியையும் நடுவால் பிரித்தவருக்கு அடுத்த நிமிடம் உத்தரவாதம் இல்லை. காதை விரித்துத் தலையை உயர்த்தி உங்களைப் பார்த்தால் பின்னுக்கு எடுங்கள். போன் தூக்கிப் படம் எடுக்க இறங்குகிறவர்களைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க விருப்பமில்லை.

விபத்து நடந்துவிட்டால்: உங்கள் வாகனத்தைத் தள்ளி நிறுத்தி, நாலு சிக்னலையும் போட்டு, மோதிய வாகனத்தின் சாவியைத் திருப்பி எஞ்சினை அணையுங்கள். 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம், வடக்கில் 2018 ஜூலையிலிருந்து ஓடுகிறது. பொலிஸுக்கு 119. எங்கே என்று கேட்டால் "மாங்குளத்துக்குக் கிட்ட" என்று சொல்லாமல் கடைசிக் கிலோமீற்றர் கல்லின் இலக்கத்தையும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஓடும்போதே கல்லைப் படித்துப் பழகினால்தான் அது வரும். இரத்தம் ஓடும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். மூச்சு இருக்கிறவரின் ஹெல்மெட்டைக் கழற்றவேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து இல்லையென்றால் கையைப் பிடித்து இழுத்து ஓட்டோவில் மடித்துப் போடவும் வேண்டாம். நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுவையில் கை கால் வராமலே போய்விடும்.

ஆறாம் நாள், மாங்குளம் முதல் மன்னார் வரை

மல்லாவி, துணுக்காய், வெள்ளாங்குளம், பிறகு ஏ32 இல் இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு. விடிய வெளிக்கிட்டால் குளக்கட்டுப் பக்கங்களில் பனி மூட்டம். பெரிய லைற்றைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், டிம்தான் சரி. ஓடிக்கொண்டே நாலு சிக்னலையும் மினுக்குவது கூடாது. பின்னால் வருபவர் நிற்கும் வாகனமென்று விலத்துவார், நீங்கள் திரும்பும்போது திரும்புவது தெரியாது.

உள்வீதிகளில் கிரவல் வரும். உருளும் சல்லியின் மேலே பிறேக் தூரம் தாரைவிட நன்றாகவே நீளும், 40 போதும். வளைவுக்கு முதலே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிறேக் போட்டால் பின்சில்லு வெளியே போகும். முன்னால் ரிப்பர் லொறி புழுதி கிளப்பிக்கொண்டு போனால் அதற்குள் முந்தாதீர்கள். ஐந்து நிமிடம் நின்று ஒரு தேத்தண்ணி குடியுங்கள், புழுதியும் அடங்கும்.

மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தில் சோளகக் காற்று வைகாசியிலிருந்து ஆவணி வரை விடாமல் பக்கவாட்டாக அடிக்கும். மோட்டார் சைக்கிளில் சாமான் பெட்டியும் பின்னால் ஆளும் இருந்தால் 40, 50 இல் போங்கள். தீவுக்குள் நுழைந்ததும் கழுதைகள். பகலில் ஓரமாக நிற்கும், இரவில் நடுவீதியில் நிற்கும், உடம்பு மண்ணின் நிறம். மாடு ஹோனுக்குக் காதையாவது அசைக்கும், கழுதை அதுவும் செய்யாது. லைற்றை டிம் பண்ணி, முதலாம் கியரில் ஊர்ந்து, அதன் பின்னங்கால் பக்கத்தை விட்டு விலத்தி, தலைப் பக்கத்தில் இடம் இருந்தால் போங்கள். இடம் இல்லையென்றால் நின்று பாருங்கள், அரை நிமிடத்தில் தானாகவே அலுத்துப்போய் நகரும்.